டாஷ்போர்ட் எரிந்தால் பின் லைட்டும் எரியவேண்டும்

ஹட்டன் போகும் மலைப்பாதையில், வட்டவளைப் பனிக்குள் கார் ஓட்டும்போது எடுத்து நான் போட்ட வீடியோவுக்குக் கீழே வந்த பின்னூட்டங்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதப் பொறுமை இல்லை, அதனால் இங்கேயே மொத்தமாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நேரமில்லாதவர்கள் தலைப்பை மட்டும் வாசித்தால் போதும், நான் சொல்ல வந்தது அதுதான்.

"வீடியோவில் எந்த வண்டியுமே தெரியவில்லையே" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை என்பதற்காகத்தான் அதைப் போட்டேன். பின்னேரம் நாலு மணி இருக்கும். கினிகத்தேனை தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் ஒரு கார் போகிறது என்பதே, அது பிரேக் அடித்து இரண்டு சிவப்பு லைட் எரிந்தபோதுதான் தெரிந்தது. பிரேக்கை விட்டதும் மறுபடி வெறும் வெள்ளை. கொஞ்சத் தூரம் போய் அது ஒரு கடையோரம் ஒதுங்கியது. நான் தாண்டிப் போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், முன்பக்கத்தில் இரண்டு எல்இடி கோடுகள் பளீரென்று எரிகின்றன. முன்னால் வருகிறவனுக்கு அவ்வளவு வெளிச்சம், பின்னால் வருகிறவனுக்கு ஒன்றுமே இல்லை.

இறங்கிப் போய் அந்தத் தம்பியிடம் சொன்னேன், பின் லைட் எரியவில்லை என்று. அவர் நம்பவில்லை. "எரியுதே அன்டி, இங்க பாருங்க" என்று டாஷ்போர்டைக் காட்டினார். வேகம், பற்றரி, வரைபடம், பாட்டின் பெயர், பாடினவரின் படம், எல்லாம் நிறம் நிறமாக எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவருக்குப் பொய் சொன்னது அவருடைய கார்.

இதைத்தான் நான் வீடியோவோடு எழுதினேன். இதற்குத்தான் இவ்வளவு ஏச்சு.

அப்பாவிடம் ஒரு பழைய கொரோல்லா இருந்தது. லைட் சுவிட்சை முதல் தடவை திருப்பினால் முன் பார்க் லைட், பின் லைட், நம்பர் பிளேட் லைட், டாஷ்போர்ட் லைட் நாலும் ஒன்றாக எரியும். இரண்டாம் தடவை திருப்பினால் ஹெட் லைட். இருட்டுப்பட்டால் வேகம் காட்டும் முள் கண்ணுக்குத் தெரியாது. அது தெரியவேண்டுமென்றால் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும், போனால் பின்னாலும் எரிந்துவிடும். யாரும் யாருக்கும் புத்தி சொல்லத் தேவையில்லாத ஏற்பாடு அது. உள்ளே இருட்டாக இருந்தால் வெளியேயும் இருட்டு என்று அர்த்தம். அப்பாவுக்கு அதுவும் போதாது. மழை நாளில் வண்டி எடுக்க முதல் என்னை ஒழுங்கையில் பின்னால் போய் நிற்கச் சொல்வார். பார்க் லைட், பிரேக், சிக்னல் என்று ஒவ்வொன்றாகப் போட்டு "எரியுதா பிள்ளை?" என்று கேட்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் நான் எந்தக் காரை எடுத்தாலும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்க்கிற பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது என்ன செய்துவிட்டார்கள்? டாஷ்போர்டைத் திரையாக்கிவிட்டார்கள். பகலோ இரவோ, லைட் போட்டாலும் போடாவிட்டாலும் அது எரியும். அதோடு முன்பக்கம் பகல் லைட், அதாவது காரை ஸ்டார்ட் பண்ணியதும் தானாக எரியும் அந்த எல்இடி கோடுகள். ஐரோப்பாவில் 2011 பெப்ரவரியிலிருந்து புதிய மாடல் கார்களுக்கு அது கட்டாயம். நல்ல விஷயம்தான், எதிரே வருகிறவனுக்குக் கார் தெரியும். ஆனால் அந்தச் சட்டம் கேட்பது முன்பக்கத்தை மட்டும். ஆக, உள்ளே வெளிச்சம், முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு. உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

இது என் கற்பனை என்று எழுதியவர்கள் கனடாவைத் தேடிப் பாருங்கள். அங்கே புதிய கார்களுக்குப் பகல் லைட் 1989 டிசம்பரிலிருந்து கட்டாயம். அதனாலேயே பின் லைட் இல்லாமல் இரவில் ஓடும் கார்கள் பெருகி, அவற்றைப் பேய் வாகனங்கள் என்று அழைக்கத் தொடங்கினார்கள். கடைசியில் 2021 செப்டம்பரிலிருந்து புதிய வண்டிகளுக்கு ஒரு விதி கொண்டுவந்தார்கள். டாஷ்போர்டும் பகல் லைட்டும் எரிந்தால் பின் லைட்டும் சேர்ந்து எரியவேண்டும், அல்லது இருட்டியதும் லைட் எல்லாம் தானாக எரியவேண்டும், அல்லது லைட் போடும்வரை டாஷ்போர்ட் இருட்டாகவே இருக்கவேண்டும். மூன்றாவதாகச் சொன்னது அப்பாவின் கொரோல்லாதான். ஒரு அரசாங்கமே சட்டம் போட்டுத் திருத்திய பிழையை நான் சொன்னால் மட்டும் "ஓட்டத் தெரியாதவரின் புலம்பல்" ஆகிவிடுகிறது.

"லைட் சுவிட்சை ஓட்டோவில் போட்டுவிட்டால் போதுமே, தானாக எரியும்." இதுதான் அதிகம் பேர் எழுதியது, அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். ஓட்டோ லைட்டைத் தீர்மானிப்பது முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன சென்சர். அது அளப்பது வெளிச்சத்தின் அளவை. எவ்வளவு தூரம் பார்க்கமுடிகிறது என்பது அதற்குத் தெரியாது. பகல் நேரப் பனி வெள்ளைவெளேரென்று இருக்கும், சென்சர் அதைப் பகல் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். அந்தத் தம்பியின் காரும் ஓட்டோவில்தான் இருந்தது, நானே பார்த்தேன். ஜப்பானில் 2020 ஏப்ரலிலிருந்து புதிய மாடல்களுக்கு ஓட்டோ லைட் கட்டாயம். அந்தக் கார்கள் இங்கே வருவதால் இரவில் கொழும்பின் காலி வீதியில் லைட் இல்லாமல் போகிறவர்கள் குறைவார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். வட்டவளையில் பின்னேரம் நாலு மணிக்கு அது உதவாது. தெற்கு அதிவேகப் பாதையில் பகல் மழை கொட்டும்போதும் அதை நம்பமுடியாது.

"நீங்கள் மெதுவாகப் போயிருக்கலாமே." மெதுவாகத்தான் போனேன். வீடியோவின் மூலையில் வேகம் இருக்கிறது, பாருங்கள்.

"மெனுவல் வாசிக்கவேண்டும்." எந்த மொழி மெனுவலை? ஜப்பானில் ஓடிவிட்டு வந்த காரில் புத்தகம் ஜப்பான் மொழியில் இருக்கிறது, அல்லது புத்தகமே இல்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் சொந்தக் காருக்குத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு வருடம் பழைய வண்டியையே கட்டி ஓட்டிய சனம், ஒரே தாவலில் முழுத்திரை வைத்த மின்சாரக் காருக்குள் ஏறியிருக்கிறது. கை பழகியது சுவிட்சுக்கு. உள்ளே எரிந்தால் வெளியேயும் எரியும் என்று நம்பிப் பழகிய கண் அது. அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டு, உடைத்ததை யாரும் சொல்லவில்லை.

ஃபொக் லைட்டையும் விடமாட்டேன். பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். அதனால்தான் ஃபொக் லைட்டைத் தாழ வைத்து, ஒளியை அகலமாக்கி, மேற்பக்கத்தைச் சீவிவிடுகிறார்கள். எவ்வளவு யோசித்துச் செய்த பொருள்! இப்போது பல புதிய கார்களில் முன் ஃபொக் லைட்டே கிடையாது. இருக்கிற சிலவற்றில் அதைப் போட, திரையில் இரண்டு மூன்று இடம் தட்டி உள்ளே போகவேண்டும். வளைவும் பள்ளமும் உள்ள பாதையில், பனிக்குள், கண்ணை எடுத்துத் திரையில் தேடச் சொல்கிறார்கள். 2022இல் சுவீடனின் ஒரு கார் சஞ்சிகை இதை அளந்தது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் நாலு சாதாரண வேலைகள், அதில் ஒன்று டாஷ்போர்ட் வெளிச்சத்தைக் குறைப்பது. பட்டன் வைத்த 2005ஆம் ஆண்டு வொல்வோவில் 10 வினாடியில் முடிந்தது, அதற்குள் கார் 306 மீற்றர் ஓடியது. மிக மோசமான திரைக் காரில் 44.9 வினாடி, 1372 மீற்றர். ஐரோப்பாவில் காரின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கெப் 2026 முதல் சிக்னல், ஹசார்ட் (எல்லாச் சிக்னலும் ஒன்றாக மின்னுவது), ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு ஐந்துக்கும் கையால் தொடக்கூடிய சுவிட்ச் கேட்கிறது. சந்தோஷம். ஃபொக் லைட் அந்தப் பட்டியலில் இல்லை.

சுவிட்சைத் தேடிக் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? ஹசார்டைப் போடுகிறார்கள், ஏனென்றால் அதற்கு மட்டும் சிவப்பு முக்கோணத்தோடு ஒரு பட்டன் மிச்சமிருக்கிறது. ஹசார்ட் எரிந்தால் பல வண்டிகளில் சிக்னல் வேலை செய்யாது. அவர் வலப்பக்கம் திரும்பப்போகிறாரா, நிற்கப்போகிறாரா, பின்னால் வருகிறவருக்கு என்ன தெரியும்?

இதற்கு நேர் எதிரான கூத்து கொழும்பில். பனி என்பதே இல்லாத காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால், காய்ந்த இரவில் பின் ஃபொக் லைட்டை எரியவிட்டுக்கொண்டு ஊர்ந்து போகிறார்கள். சாதாரண பின் லைட் பல்பு 5 வாட், பின் ஃபொக் லைட்டும் பிரேக்கும் 21 வாட். பின்னால் நிற்கிறவரின் கண்ணைக் குத்தும், முன்னால் போகிறவர் பிரேக் அடிப்பதும் அவருக்குத் தெரியாது. இவர்களும் வேண்டுமென்று செய்வதில்லை. டாஷ்போர்டில் அதற்கு இருப்பது வலப்பக்கம் பார்த்தபடி ஒரு மஞ்சள் நிறக் குட்டி விளக்குப் படம். முன் ஃபொக் லைட்டுக்கு அதே படம் பச்சையில், இடப்பக்கம் பார்த்தபடி. பாடகரின் படத்தை உள்ளங்கை அளவுக்குப் போடத் தெரிந்த திரையில் இதற்கு நகம் அளவு இடம்.

"அன்டி, வயதாகிவிட்டது, டிரைவர் ஒருவரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதிய தம்பிக்கு. அந்தப் பின்னூட்டத்துக்கு எத்தனை சிரிப்பு அடையாளம் விழுந்தது என்று நானும் பார்த்தேன். அதில் எனக்குத் தெரிந்தவர்களும், என் காரில் ஏறிப் பயணம் போனவர்களும் இருந்தார்கள். பரவாயில்லை என்று எழுத நினைத்தேன், வரவில்லை. இதையே ஒரு ஆண் எழுதியிருந்தால் காரைப் பற்றிப் பேசியிருப்பீர்கள். நான் எழுதியதால் என்னைப் பற்றிப் பேசினீர்கள்.

என் தங்கச்சி ஹட்டன் பக்கம் படிப்பிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் திரீவீலில்தான் வீடு திரும்புகிறாள். அந்த வண்டியின் ஹெட் லைட் பனிக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று அதில் ஏறினவர்களுக்குத் தெரியும். அந்தத் தம்பியின் சாம்பல் நிறக் காருக்குப் பின்னால் அன்றைக்கு நான் வந்தேன். நாளைக்கு அந்தத் திரீவீல் வரும். கொழும்பிலிருந்து போகிற நமக்குப் பனி படம் எடுக்கிற விஷயம். வேலை முடிந்து, பள்ளிக்கூடம் முடிந்து வீடு திரும்புகிற அந்தச் சனம் ஒவ்வொரு நாளும் அதற்குள்தான் போய்வருகிறது. நம்முடைய காரின் பின் லைட் எரிகிறதா என்று அவர்கள் வந்து பார்த்துச் சொல்லமுடியாது.

கடைசியாக, வீடியோவை நீக்கச் சொல்லி உள்பெட்டியில் எழுதிய ஷோரூம்காரருக்கு. நீக்கமாட்டேன். காரின் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, நம்பர் பிளேட்டும் வீடியோவில் தெரியாது. கார் கையளிக்கும் நாளில் வாங்கினவருக்குப் பூங்கொத்துக் கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிறீர்கள் அல்லவா? அதே நாளில் அவரைக் காருக்குப் பின்னால் கூட்டிப்போய், பகல் லைட் மட்டும் எரியும்போது அங்கே என்ன எரிகிறது, சுவிட்ச் போட்டபிறகு என்ன எரிகிறது என்று காட்டுங்கள். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள், வீடியோவுக்குக் கீழேயே போடுகிறேன்.