நாலு வருடம் அவள் மட்டும் அலைந்தாள்

வெரிகோசீல், அதாவது விதைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்து, குழந்தைப்பேற்றைப் பாதிக்கக்கூடிய பிரச்சினை, பெரும்பாலும் வலியே இல்லாமல் இருக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது முற்றிலும் உண்மை. குழந்தை இல்லை என்று நாலு வருடம் என் மனைவிதான் ஸ்கேன், ஊசி, கோயில் என்று அலைந்தாள். நான் ஒரு விந்துப் பரிசோதனைகூடச் செய்துகொள்ளவில்லை. அது என் தப்புதான். கடைசியில் டாக்டர் என்னை நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார். இடது விதைப்பையில் நூல்கண்டு சிக்கியதுபோல ரத்தக்குழாய் புடைத்தது கைக்கே தெரிந்தது. கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, அந்தப் பழுதான ரத்தக்குழாயைச் சுருள் கம்பி வைத்து அடைத்தார்கள். தையல் இல்லை, மரத்துப்போக ஓர் ஊசிதான். அன்று சாயந்திரமே வீடு.

அப்புறம், அவசரப்படாதீர்கள். விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல் ஆகும். 3 மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் மாதமே இரண்டு பேரும் சேர்ந்து போயிருந்தால், அவளுக்கு அத்தனை ஊசி விழுந்திருக்காது.