கஞ்சத்தனம் அல்ல, சம்பள உச்சவரம்பு

"மேற்கு சிட்னியில் இத்தனை லட்சம் சனம் இருந்தும் பென்ரித் ரக்பி அணி காசு கொடுக்க மனமில்லாமல் வீரர்களை விடுகிறது" என்று தொண்டித் தம்பி எழுதியிருப்பது தவறு. பென்ரித் ஆடும் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் (NRL) எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்புதான், அதாவது வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற எல்லை. டிக்கெட் எவ்வளவு விற்றாலும் ஓர் அணிக்காக அது உயராது.

2021 முதல் 2024 வரை பென்ரித்துக்குத் தொடர்ந்து 4 கோப்பைகள்! வென்றவர்களின் விலை ஏறாமல் இருக்குமா? ஏறினால் எல்லாரையும் அந்த வரம்புக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? பாம்பனில் தொழில் பழகிய ஆளை அடுத்த விசைப்படகுக்காரர் கூடுதல் முன்பணம் கொடுத்து அழைத்துக்கொள்வதைப் பார்த்ததில்லையா? அப்படித்தான் பென்ரித் வீரர்கள் கிரைட்டன் புல்டாக்ஸுக்கும் லுவாய் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கும் போனார்கள். இரண்டுமே சிட்னி அணிகள். இன்னொரு பென்ரித் வீரர் ஃபிஷர்-ஹாரிஸ் கதை வேறு, குடும்பத்துக்காக நியூசிலாந்து திரும்பினார்.

புரோ கபடி ஏலத்தில் நம் தலைவாஸுக்கும் செலவு வரம்பு உண்டு, தம்பி. அவர்களைக் கஞ்சர்கள் என்பீர்களா?