சூடாவது இன்ஜின் மட்டும்தான்
கடும் குளிரில் எக்ஸ்கவேட்டர் மாதிரி மெஷின்களை ஸ்டார்ட் செய்யும் முன் சூடாக்கும் டீசல் ஹீட்டரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், போனில் பட்டனைத் தட்டினால் அரை மணி நேரத்தில் மெஷின் வேலைக்குத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயாராவது இன்ஜின் மட்டும்தான். அந்த டீசல் ஹீட்டர் சூடாக்குவது கூலன்ட்டை, அதாவது இன்ஜினுக்குள் சுற்றி ஓடும் திரவத்தை. மெஷினின் கையை அசைக்கும் ஹைட்ராலிக் ஆயில் தனி டேங்கில் தேன் மாதிரி கெட்டியாகவே கிடக்கும். மைனஸ் 25 டிகிரியில் எக்ஸ்கவேட்டர் ஓட்டிய முதல் குளிர்காலத்தில் எனக்கு இது உறைக்கவில்லை. மீட்டரில் கூலன்ட் 60 டிகிரி, கேபினுக்குள் கதகதப்பு, கண்ணாடியில் பனிகூட இல்லை. நம்பி லீவரை இழுத்தேன். பூம், அதாவது மெஷினின் பெரிய கை, அசையவே யோசித்தது, பம்ப் ஊளையிட்டது, கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் சீல் ஓரமாக எண்ணெய் வழிந்தது. அப்புறம் எல்லா நாளும் கால் மணி நேரமாவது லோடு இல்லாமல் பூமையும் பக்கெட்டையும் மெதுவாக மடக்கி நீட்டிவிட்டுத்தான் மண்ணைத் தொடுவேன். இன்னொன்று, ஹீட்டரின் பம்பும் ஃபேனும் ஓடுவது மெஷினின் பேட்டரியில். குளிரில் ஏற்கெனவே பலம் குறைந்த பழைய பேட்டரி என்றால், இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் அது கையை விரித்துவிடும். மேலே கமென்ட்டில் ஒருவர், இரவு முழுக்க இன்ஜினை ஐடிலில், அதாவது வேலை இல்லாமல் சும்மா ஓடவிடலாம் என்கிறார். டீசல் செலவு கிடக்கட்டும், அந்தக் குளிரில் ஐடிலில் இன்ஜின் சரியாகச் சூடேறாது, கரி படியும், புகை ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.