மாங்குளத்தில் ரயில் தொழிற்சாலையா? பணம் கட்டாதீர்கள்

“மாங்குளத்தில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 5,000 பேருக்கு வேலை, ஓ/எல் போதும், பதிவுக்கு 2,500 ரூபாய்” என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். மாங்குளத்திலும் பரந்தனிலும் முதலீட்டு வலயம் அமைப்பதாக அரசு அறிவித்தது உண்மை. அதோடு ரயிலை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

இலங்கை ரயில்வேயின் பெரிய பட்டறை இரத்மலானையில் இருக்கிறது. வடபாதையில் ஓடிய எஸ்13 ரயில்கள் சென்னை பெரம்பூரில், 1955இல் தொடங்கிய தொழிற்சாலையில் கட்டி, கப்பலில் வந்தவை.

பெட்டி கட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று பாருங்கள். எஃகுத் தகடுகளை அளவுச் சட்டத்தில் இறுக்கிப் பூட்டித்தான் வெல்டிங் செய்வார்கள். சூட்டில் தகடு சில மில்லிமீட்டர் நெளிந்தாலே கதவு பொருந்தாது. சக்கரத்தை அச்சில் வெல்டிங் செய்வதே இல்லை. துளையை அச்சைவிட மயிரிழை சிறிதாகக் கடைந்து, பல தொன் அழுத்தத்தில் ஏற்றுவார்கள். அழுத்தம் குறைவாகப் பதிவானால் பிடி தளர்வு என்று பொருள். அந்தச் சோடியைக் கழற்ற வேண்டியதுதான். இதற்குத் தேர்ந்த வெல்டரும் கடைசல்காரரும் மின்னியலாளரும் வேண்டும். ஓ/எல்லோடு ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்க முடியாது.

வெல்டிங், மின்னிணைப்பு வேலைகளில் ஆர்வமுள்ள பிள்ளைகள் அந்த 2,500 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் தரும் பயிற்சிக்குப் போகட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது.

ரயில்வே வேலைக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். தனியாளின் கணக்குக்குப் பணம் கேட்டால் அது மோசடி. ஏற்கெனவே கட்டியவர்கள் பற்றுச்சீட்டோடு உடனே வங்கிக்கும், பிறகு பொலிஸுக்கும் போங்கள். அடையாள அட்டைப் படம் அனுப்பியிருந்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.