கூப்பிடத்தான் சொன்னான், பெயர் அதுதான் என்று சொல்லவில்லை
ஹெர்மன் மெல்வில் எழுதிய திமிங்கில வேட்டை நாவலான 'மோபி டிக்'கின் கதைசொல்லி முதல் வரியிலேயே தன் பெயரைச் சொல்லி அறிமுகமாகிவிடுகிறான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. "என்னை இஸ்மவேல் என்று கூப்பிடுங்கள்" என்கிறானே தவிர, அதுதான் என் பெயர் என்று எங்கே சொன்னான்? அடுத்த வரியிலேயே 'சில வருடங்களுக்கு முன்பு, எத்தனை வருடம் என்பதை விடுங்கள்' என்று நழுவுகிறான். ஆனால் பைபிள் தெரிந்தவர்களுக்கு, தாய் ஆகாரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடப்பட்ட இஸ்மவேல் என்ற பிள்ளை உடனே நினைவுக்கு வருவான். போக்கிடம் இல்லாதவன் என்று காட்ட அது போதும். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வரும் இடம்தான். மனசுக்குள் நவம்பர் மாதத் தூறல் விழும்போது, சவப்பெட்டிக் கடை முன்னால் தன்னை அறியாமல் நின்றுவிடும்போது, தெருவில் போகிறவர்களின் தொப்பியைத் தட்டிவிடக் கை துறுதுறுக்கும்போது, கடலுக்குப் போக நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வானாம். தன்னையே சுட்டுக்கொள்ளத் துப்பாக்கி எடுப்பதற்குப் பதில் கப்பல்! ஆளை நாம் பார்ப்பது அங்கேதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் அவனைப் பழுத்த திமிங்கில வேட்டைக்காரன் என்று எழுதியிருக்கிறார். இல்லைங்க, அதுவரை சரக்குக் கப்பலில்தான் போயிருக்கிறான். கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்ததுபோல ஜாடையாகவும் ஒரு வரி உண்டு. பயணியாகப் போனால் நாம் காசு கொடுக்க வேண்டும், மாலுமியாகப் போனால் நமக்குக் கொடுப்பார்கள் என்று கணக்குப் போடுகிற ஆள்! இன்னொன்று, புத்தகம் அந்த வரியில் தொடங்கவும் இல்லை: 1851 அமெரிக்கப் பதிப்பில் திமிங்கிலம் என்ற சொல்லின் வேரும், திமிங்கில மேற்கோள்களுமாகப் பல பக்கங்கள் அதற்கு முன்னால் கிடக்கின்றன. முதல் தடவை நானும் அவற்றைப் புரட்டித் தள்ளிவிட்டுத்தான் இஸ்மவேலிடம் போனேன்.