புது முதலாளி வந்தால் புது ராட்டினம் வருமா?

கேளிக்கைப் பூங்காவைப் புது நிறுவனம் வாங்கிவிட்டது, இனி பெரிய ராட்டினங்களாக வரும் என்று ஒரு கட்டுரை ஆசை காட்டுகிறது. வரலாம், ஆனால் இருப்பதும் போகலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருந்த ஜியாகா லேக் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை நடத்திய சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2000-ல் ஒரே சீசனில் நாலு ரோலர் கோஸ்டர் இறக்கியது, அடுத்த வருடம் பக்கத்திலிருந்த சீ வேர்ல்ட் என்ற கடல்வாழ் உயிரினப் பூங்காவையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டது, அப்புறம் 2004-ல் மொத்தத்தையும் சுமார் 14.5 கோடி டாலருக்கு செடார் ஃபேர் என்ற இன்னொரு பூங்கா நிறுவனத்திடம் விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டது. புது முதலாளிக்கு அதே மாநிலத்தில் ஏற்கெனவே செடார் பாயின்ட் என்ற பூங்கா இருந்தது, 2006-ல் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவும் கைக்கு வந்தது. மூன்றாவதாக ஒன்று எதற்கு? 2007-க்குப் பிறகு தண்ணீர்ப் பூங்கா மட்டும்தான் மிச்சம் இருந்தது, அதுவும் 2016-ல் மூடப்பட்டது. நல்ல ராட்டினங்களைக் கழற்றித் தங்களுடைய மற்றப் பூங்காக்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், சில வேறு பெயரில் ஓடின.

விலை விஷயம் இதைவிடத் தந்திரமானது. நுழைவு டிக்கெட்டைப் பெரும்பாலும் சட்டென்று ஏற்றுவதில்லை, அது எல்லார் கண்ணிலும் படும். பார்க்கிங், சாப்பாடு, வரிசையைத் தாண்டிப் போகும் பாஸ், இதிலெல்லாம்தான் கறப்பார்கள். சிக்ஸ் ஃபிளாக்ஸ், செடார் ஃபேர் இரண்டும் 2024 ஜூலையில் ஒன்றாகிவிட்டன, சரி, இனி போட்டிக்கு விலை குறைக்க யார் இருக்கிறார்கள்?