எதற்கெடுத்தாலும் கார்ப்பரேட்டரா?

மறுபடியும். கத்திப்பாரா தாண்டியதும், மத்தியான வெயிலில், அப்பாவின் 84 மாடல் அம்பாசடர் அடங்கிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பைக்கை நிறுத்திய ஒரு பையன், "அண்ணே, பெட்ரோல் இருக்கா?" என்றான். இருக்கு தம்பி. பெட்ரோல் இருக்கு, பேட்டரி இருக்கு, எனக்குப் பொறுமைதான் இல்லை.

காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும் வண்டி. இருபது நிமிஷம் நன்றாக ஓடும். அப்புறம் மிஸ்ஸிங், ஒரு குலுக்கல், அவ்வளவுதான். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இதை எந்த மெக்கானிக்கும் முழுதாகக் கேட்டதில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் ஸ்பேனர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர் மேல் இருக்கும். நாலு மாதத்தில் நாலு தடவை கழற்றிக் கழுவியாயிற்று. பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் ஏசி பம்ப்பும் மாற்றியாயிற்று. "வேப்பர் லாக் சார், சூட்டுல பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்குது, பம்ப் மேல ஈரத்துணி போடுங்க" என்றார் ஒருவர். போட்டேன். துணி காய்ந்ததும் வண்டி கிளம்பியது. "பாத்தீங்களா!" என்று ஒரு சிரிப்பு வேறு. ஐயா, துணியே போடாமல் சும்மா நின்றிருந்தாலும் அது கிளம்பியிருக்கும்!

ஒருத்தராவது பிளக் வயரைப் பிடுங்கிப் பொறி வருகிறதா என்று பார்த்தாரா? அன்று நானே பார்த்தேன். பைக் பையனை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, வயர் நுனியைக் குறடால் பிடித்து எஞ்சின் பிளாக்குக்குப் பக்கத்தில் காட்டினேன். நீலமாகச் சடசடவென்று அடிக்க வேண்டிய பொறி, மஞ்சளாக, நோஞ்சானாக விழுந்தது. ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துக் கரண்டைப் பங்கிடும் டெல்கோவின் மூடியைத் திறந்தால், நாலு மாதம் முன்பு போட்ட பாயின்ட்டில் (சுவிட்ச் மாதிரி திறந்து மூடும் தொடுமுனை) ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் பரு. சாவியைப் போட்டு, ஸ்க்ரூடிரைவரால் பாயின்ட்டைப் பிரித்தேன். பிளக்குக்குப் போகாத பொறியெல்லாம் அங்கே பளீரென்று வெடித்தது.

கண்டென்சர்! சுண்டுவிரல் நுனி அளவு சாமான். பாயின்ட் திறக்கும் நொடியில் கரண்ட் அங்கே தாவாமல் தாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. அது தாங்கினால்தான், பேட்டரி வோல்டை ஏற்றிக் கொடுக்கும் காயிலில் கரண்ட் வெடுக்கென்று அறுந்து, பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். டெல்கோவுக்குள் எஞ்சின் சூட்டிலேயே வெந்துகொண்டிருப்பதால், கெட ஆரம்பித்தது சூடேறினால் படுத்துவிடும், ஆறினால் எழுந்துவிடும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, புதுசு வாங்கினால் தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? உற்பத்தி 2014-லேயே நின்றுபோன வண்டிக்கு, ஹாலோகிராம் ஒட்டிய டப்பாவில் "ஒரிஜினல் சார்" என்று கொடுத்தார்கள். நாற்பது நிமிஷம் ஓடியது. இன்னொன்று வாங்கினேன். அது வீட்டு வாசலையே தாண்டவில்லை. பாயின்ட் இடைவெளி தப்போ என்று ஆரம்பிக்காதீர்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) பார்த்துத்தான் வைத்தேன், பஸ் டிக்கெட்டை மடித்து வைக்கவில்லை.

கடைசியில் புதுப்பேட்டையில், பிரித்துப் போட்ட பழைய வண்டியிலிருந்து துருவேறிய கண்டென்சர் ஒன்றை ஐம்பது ரூபாய்க்கு எடுத்து மாட்டினேன். மூன்று வாரமாக ஒரு மிஸ்ஸிங் இல்லை.

செத்த இரண்டையும் கடையில் கொண்டுபோய் வைத்தேன். "மாட்டிப் பாத்த எலெக்ட்ரிக்கல் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார்." மாட்டிப் பார்க்காமல் அது செத்தது என்று நான் எப்படி ஐயா கண்டுபிடிப்பேன், மோந்தா பார்க்க முடியும்?